ஐந்து மேசைகளும் ஒரு பக்கமும்

இதையெல்லாம் நான் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்பதில் எனக்கே உறுதியில்லை. குலசிங்கம் சொன்னது பாதி, ஊர்காவற்றுறைப் பத்திநாதர் சொன்னது பாதி. இரண்டுக்கும் நடுவே இருந்த இடைவெளிகளை என்னையறியாமல் நானே நிரப்பியிருக்கவும் கூடும். மழை எந்த நாளில் பெய்தது, எந்த நாளில் பெய்யவில்லை என்பது மாறிப்போயிருக்கலாம். ஆனால் அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது என்பதில் பிழை வர வழியில்லை. அது அச்சில் இருக்கிறது.

குலசிங்கம் புங்குடுதீவு இறுப்பிட்டிக்காரர். இறந்தவர்களுக்குக் கல்வெட்டுப் புத்தகம் செய்வது அவருடைய தொழில். எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் வீட்டில் சமைத்து, வந்தவர்கள் சாப்பிட்டு எழும்பும்போது, கையில் ஒரு சின்னப் புத்தகத்தையும் கொடுத்து அனுப்புவார்கள். முன்னுக்குப் படம், பிறகு தேவாரம், வம்சாவழி, கடைசியில் நன்றி நவிலல். நடுவில் இறந்தவரைப் பற்றி ஒரு பக்கம். பிள்ளைகள் சுவிசிலும் கனடாவிலும் இருந்து போனில் சொல்லச் சொல்லக் குலசிங்கம் எழுதி, பக்கம் அமைத்து, யாழ்ப்பாணத்து அச்சகத்துக்கு அனுப்புவார். பதினெட்டு வருசமாக அவர் செய்தது இதுதான்.

புதுப் புத்தகம் ஒன்றை அவர் வெறுந்தாளில் தொடங்குவதில்லை. கடைசியாக முடித்த ஆளின் கோப்பைத் திறந்து, புது ஆளின் பெயரில் சேமிப்பார். பிறகு பெயரை மாற்றுவார், ஊரை மாற்றுவார், உறவுகளை ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டுவார். நடுப்பக்கத்தை மட்டும் முழுதாக அழித்துவிட்டுப் புதிதாக எழுதுவார். இப்படி ஒருவருக்குப் பின்னால் ஒருவராக, எல்லோரும் ஒரே புத்தகத்துக்குள்ளால்தான் வந்து போனார்கள்.

முடிந்த கோப்புகளை அவர் எங்கேயும் அடுக்கி வைக்கவில்லை. எல்லாம் கொம்பியூட்டர் திரையின் முகப்பிலேயே கிடந்தன. கிடந்தன என்று சொல்வதும் சரியில்லை. இடதுபக்கம் இறுப்பிட்டி, அதற்குக் கீழே பெருங்காடு, வலது மூலையில் குறிகட்டுவான், மேலே வேலணை என்று ஊர் ஊராக வைத்திருந்தார். நூற்று நாற்பது பெயருக்கு மேல். யாராவது பழைய புத்தகம் ஒன்றைக் கேட்டால் பெயரை வாசிக்க மாட்டார். கை நேரே அந்த இடத்துக்குப் போகும்.

அவருடைய மனைவி பிரியவதனி ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் குசினியில் விழுந்தாள். யாழ்ப்பாணம் கொண்டுபோய்ச் சேர்க்குமுன் எல்லாம் முடிந்துவிட்டது. ஐம்பத்திரண்டு வயது. ஒரே மகள் லக்சிகா சுவிசில். பிள்ளை வயிற்றில், ஏழாம் மாதம், விமானம் ஏற வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். தாயின் செத்தவீட்டை அவள் போனில்தான் பார்த்தாள். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த அன்று தகப்பனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்பா, மற்றது எல்லாம் எப்பிடியும் இருக்கட்டும். அந்த நடுப்பக்கத்தை நீங்கள் எழுதுங்கோ. எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம்."

"ஓம் பிள்ளை," என்றார் குலசிங்கம்.

அடுத்த நாள் காலை கொம்பியூட்டரைப் போட்டார். வழக்கமான அறிவித்தல் வந்தது. விண்டோஸின் இந்தப் பதிப்புக்கு இனி ஆதரவு இல்லை, புதிய பதிப்பை ஏற்க இந்தக் கணினிக்குத் தகுதி இல்லை. மாதக்கணக்காக அதை மூடி மூடித்தான் வேலை செய்தார். அன்று மட்டும் முழுவதையும் வாசித்தார். இரண்டாம் தரமும் வாசித்தார். பிறகு பெட்டியின் வயர்களைக் கழற்றி, ஒரு யூரியாப் பையில் போட்டுக் கட்டி, வேலணையில் பஸ் மாறி ஊர்காவற்றுறைக்குப் போனார்.

பத்திநாதருக்கு அறுபத்து மூன்று வயது. முதலில் ரேடியோ, பிறகு ரீவி, இப்போது கொம்பியூட்டர் என்று வீட்டு முன்னறையில் வைத்துத் திருத்துகிறவர். யாரோடும் பகிடி விட்டபடியேதான் வேலை செய்வார்.

"செத்தவீட்டுத் துடக்கோடை இதையும் தூக்கிக்கொண்டே வந்தனீர்?"

"புத்தகம் செய்யவேணும் அண்ணை. இது இனிச் சரிவராது எண்டு போட்டிருக்கு."

"அது இந்தச் சாமானுக்கு மட்டுமே? ஊரெல்லாம் அதுதான் கதை. உம்மை விண்டோஸ்காரன் விவாகரத்துச் செய்து..." என்று தொடங்கியவர், யாரிடம் சொல்கிறோம் என்று அப்போதுதான் நினைத்து நிறுத்திக்கொண்டார். குனிந்து பையின் கட்டை அவிழ்க்கத் தொடங்கினார்.

"விண்டோஸுக்குப் பதிலாய் லினக்ஸ் போடுவம்," என்றார் பத்திநாதர் பிறகு. "பழசிலையும் ஓடும். கோப்பெல்லாம் முதலிலை வெளியிலை எடுத்து வைச்சிட்டுத்தான் கை வைப்பன். பயப்பிடாதையும்."

குலசிங்கம் பயப்படவில்லை. பயப்படவேண்டிய இடம் அது என்று மட்டும் தெரிந்தது.

பின்னேரம் மூன்று மணிக்கு வேலை முடிந்தது. பத்திநாதர் திரையைத் திருப்பிக் காட்டினார். மேலே ஒரு மெல்லிய கறுப்புப் பட்டை. அதில் நேரம். மற்றபடி ஒன்றுமில்லை. இறுப்பிட்டி இல்லை, வேலணை இல்லை. நூற்று நாற்பது பெயர் இருந்த இடத்தில் நீல நிறம் ஒன்று விரிந்து கிடந்தது.

எல்லாரும் போய்விட்டார்கள் என்று குலசிங்கம் நினைத்தார். நெஞ்சு அடித்துக்கொள்ளும் என்று காத்திருந்தார். அடிக்கவில்லை. தண்ணீர் வற்றிய கடலோரத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பயம் என்று பத்திநாதர் விளங்கிக்கொண்டார்.

"ஒண்டும் போகேல்லை ஐசே, எல்லாம் உள்ளுக்கை கிடக்கு. இது மேசையிலை சாமான் பரப்ப விடாத சாதி. சுத்தக்காரன். உமக்குப் பிடிக்காட்டி வேறை மேசை போடலாம்."

"வேறை மேசையோ?"

"ஓம், இந்தத் திரை முகப்பைத்தான் சொல்லுறன். அதுதானே இதிலை விசேசம். வீடு ஒண்டு, மேசை பத்து. உள்ளுக்கை போகேக்கை மூலையிலை பல்லுச் சக்கரம் மாதிரி ஒண்டு தெரியுதெல்லே, அதை அமத்திப்போட்டு எந்த மேசை எண்டு சொன்னால் சரி. இன்னும் நாலு போட்டுவிடுறன். இருந்து பாரும். ஒண்டு பிடிபடும்."

அப்படித்தான் அது தொடங்கியது. அன்று ஒன்பதாம் நாள்.

வீட்டில் பிரியவதனியின் அக்கா அன்னபூரணம் வந்து நின்று சமைத்துக்கொண்டிருந்தார். குறிகட்டுவானில் சொந்த வீட்டைப் பூட்டிவிட்டு வந்தவர். காலையில் தேத்தண்ணி கொண்டுவந்து வைக்கும்போது திரையை எட்டிப் பார்ப்பார்.

"என்ன குலம், புத்தகம் எந்த மட்டிலை?"

"கொம்பியூட்டர் இன்னும் சரிவரேல்லை அக்கா."

அது பொய்யில்லை. முதல் மேசையில் முகப்பில் எதையும் வைக்க முடியாது. இரண்டாவது பழைய விண்டோஸைப் போலவே இருந்தது. கீழே பட்டை, இடது மூலையில் பட்டியல், முகப்பில் பெயர்கள். ஆனால் எல்லாவற்றையும் அகரவரிசையில் நெருக்கி அடுக்கியிருந்தது. இறுப்பிட்டிக்காரரும் வேலணைக்காரரும் கலந்து நின்றார்கள். கோப்பு ஒன்றைத் திறந்தால் எழுத்தெல்லாம் ஆங்கிலக் குப்பையாகத் தெரிந்தது. அவர் தமிழ் அடிக்கும் பாமினி எழுத்துருவை எப்படி உள்ளே போடுவதென்று பத்திநாதரிடம் போனில் கேட்டு, அதைப் போட ஒரு நாள் போனது. மூன்றாவதில் எதை வேண்டுமானாலும் மாற்றலாம். அதுதான் ஆபத்து. பட்டையை மேலே வைக்கலாம், பக்கத்தில் வைக்கலாம், தடிப்பாக்கலாம், கண்ணாடி போலாக்கலாம். சாளரத்தை மூடினால் புகைபோலக் கலையச் செய்யலாம். குலசிங்கம் ஐந்து நாள் அதற்குள் இருந்தார். சுட்டியின் அம்பு என்ன நிறத்தில் இருக்கவேண்டும் என்று ஒரு முழுக் காலையும் யோசித்தார். கடைசியில் கறுப்பு என்று முடிவெடுத்தார். அது முதலிலும் கறுப்புத்தான்.

ஒவ்வொரு மேசையையும் அவர் ஒரே விதமாகத்தான் சோதித்தார். வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து, எல்லாப் புத்தகங்களுக்கும் பொதுவான முதல் வரியை அடிப்பார். "நாற்புறமும் கடல் சூழ்ந்து, பனைவளமும் நெஞ்சுரமும் கொண்ட மக்கள் வாழும் புங்குடுதீவின் இறுப்பிட்டியில்..." அந்த இடத்தில் கை நிற்கும். அடுத்தது பெயர். பெயருக்குப் பிறகு அந்தப் பக்கம் வரும். கை நின்ற இடத்திலிருந்து எழும்பி மறுபடி பட்டைக்குப் போகும். எழுத்து கொஞ்சம் சின்னதாகத் தெரிகிறது, முதலில் அதைச் சரிசெய்வோம் என்று நினைப்பார். அது உண்மையில் சின்னதாகத்தான் தெரிந்தது.

இவ்வளவுக்கும் அவருக்குத் துக்கம் என்று ஒன்று பிடிபடவில்லை. சாப்பிட்டார். நித்திரை வந்தது. தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறி வந்தால் வாளியோடு போனார். ஆட்கள் வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதபோது, அவர்களுடைய கை குளிர்ந்திருக்கிறதா வியர்த்திருக்கிறதா என்று கவனித்தார். பிரியவதனியை நினைத்துப் பார்க்க முயன்றால் அலுமாரிக்கு மேலே வைத்திருந்த படம்தான் வந்தது. அந்தப் படத்தை அட்டைக்காக வெட்டித் திருத்தியது அவர்தான்.

லக்சிகா ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பாள்.

"எழுதினீங்களே அப்பா?"

"நாலாவது மேசை கொஞ்சம் நல்லாயிருக்குப் பிள்ளை. பழைய சாடை. ஆனால் பிரிண்டரைக் காணுதில்லை."

அங்கே ஏதோ ட்ராம் வண்டி திரும்பும் ஒலி கேட்டது.

"சரியப்பா," என்றாள் அவள் பிறகு.

பத்திநாதர் ஒருநாள் தானே மோட்டார்சைக்கிளில் வந்தார். மழைக்குள்ளால் வந்தார் என்றுதான் நினைக்கிறேன். அன்னபூரணத்திடம் தேத்தண்ணி வாங்கிக் குடித்துவிட்டு, குலசிங்கத்தின் கொம்பியூட்டரில் செயலிப் பட்டியலைத் திறந்து பார்த்துச் சிரித்தார்.

"மூண்டு கல்குலேட்டர், நாலு நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு மேசையும் தன்ரை சீதனத்தோடை வந்திருக்கு. இதை எப்பதான் நிப்பாட்டப் போறீர்?"

"சரியானது அம்பிடேல்லை அண்ணை."

"சரியானது எண்டு ஒண்டு இல்லை. நான் பன்ரண்டு வருசமாய்த் தேடினனான். ஒருநாள் அலுத்துப்போய் இருந்ததிலை இருந்திட்டன். அவ்வளவுதான்." கோப்பையைக் கீழே வைத்தார். "இண்டைக்கு எத்தினையாம் நாள்?"

"இருபத்து நாலு."

பத்திநாதர் ஐந்தாவது மேசையைத் திறந்து காட்டினார். சாம்பல் நிறம். மினுக்கம் ஒன்றுமில்லை. பழைய பெட்டியில் சட்டென்று திறந்தது. முகப்பில் பெயர்களை வைத்த இடத்திலேயே விட்டது, தானாக அடுக்கப் போகவில்லை. குலசிங்கம் ஒரு பெயரைப் பிடித்து இழுத்து இடதுபக்கம் வைத்துப் பார்த்தார். வைத்த இடத்தில் அது இருந்தது.

"இதுதான்," என்றார்.

பிறகு இரண்டு நாள் எல்லாரையும் அவரவர் ஊருக்குக் கொண்டுபோய் விட்டார். நூற்று நாற்பது பெயரும் பழைய இடத்தில் வந்து நின்றபோது இருபத்தாறாம் நாள் பின்னேரமாகியிருந்தது. இனி மாற்ற ஒன்றுமில்லை. திரைக்கு முன்னால் இருந்தார். அன்னபூரணம் வந்து லைட்டைப் போட்டுவிட்டுப் போனார்.

இருபத்தேழாம் நாள் கடைசியாக முடித்த கோப்பைத் திறந்தார். அது வேலணையில் இறந்துபோன சிவக்கொழுந்து ரீச்சருடையது. பிரியவதனி என்ற பெயரில் சேமித்தார். பெயரை மாற்றும்படி கொடுத்தார். பதினேழு இடங்களில் மாற்றப்பட்டது என்று திரை சொன்னது. ஒட்டி நின்ற விகுதிகளைக் கையால் திருத்தினார். வம்சாவழி மனப்பாடமாக இருந்தது. ஒரு மணித்தியாலத்தில் முடிந்தது. படத்தை வைத்தார். நடுப்பக்கத்தை நாளைக்கு அழிக்கலாம் என்று விட்டார்.

அடுத்த நாள் காலை அச்சகத்திலிருந்து போன் வந்தது. மத்தியானத்துக்குள் அனுப்பாவிட்டால் முப்பத்தொன்றுக்குப் புத்தகம் கிடையாது, அட்டைக்காரன் லீவில் போகிறான் என்றார்கள்.

குலசிங்கம் நடுப்பக்கத்துக்குப் போனார். அது ரீச்சரின் பிள்ளைகள் சொல்ல அவர் எழுதியது. இப்போது இப்படி இருந்தது: "விடியற்காலையில் கிணற்றடியில் பிரியவதனி பாடும் தேவாரம் கேட்டே வீடு கண்விழிக்கும். கடுஞ்சொல் ஒன்று அவர் வாயில் பிறந்ததை எவரும் அறியார். வாசலிலே வரிசையாய் நின்ற குரோட்டன் செடிகளைத் தன் பிள்ளைகள்போல் வளர்த்தார்..." அப்படியே பக்கம் முழுவதும்.

அழிப்பதற்காக முழுவதையும் தெரிவு செய்தார். எல்லா எழுத்துகளும் நீலமாகின. விரலைத் தூக்கியபடி இருந்தார். அழித்தால் வெறும் பக்கம். அதில் எழுத அவரிடம் என்ன இருக்கிறது என்று தேடினார். முப்பது வருசம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறார்கள். ஒரு வசனம் வரவில்லை. அடுத்த வீட்டுக்காரரின் மனைவியைப் பற்றிக் கேட்டிருந்தால் அரைமணித்தியாலத்தில் ஒரு பக்கம் எழுதியிருப்பார்.

தெரிவை விட்டார். எழுத்துகள் மறுபடி கறுப்பாகின. ஆசிரியப்பணி பற்றி வந்த இரண்டு வரியை வெட்டினார். "மாணவர்" என்று ஓரிடத்தில் இருந்ததை "அயலவர்" என்று மாற்றினார். ஒருமுறை பிழை பார்த்தார். பிழை ஒன்றும் இருக்கவில்லை. பதினொன்றே முக்காலுக்கு அனுப்பினார்.

என்ன செய்கிறோம் என்று அவருக்குத் தெரியும். அதைப் பற்றி ஏதாவது தோன்றும் என்று பார்த்தார். தோன்றவில்லை. எழும்பிப்போய்க் கோழிக்குக் குருணி போட்டார்.

முப்பத்தோராம் நாள் பந்தல் போட்டுச் சமைத்தார்கள். நூற்றைம்பது பேருக்குமேல் வந்தார்கள். சாப்பிட்டவர்கள் கையைத் துடைத்துவிட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்கள். குலசிங்கம் பந்தல் காலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தார். யாராவது ஒருவர் எழும்பி வந்து, இது ஆர் என்று கேட்பார் என்று எதிர்பார்த்தார். அதற்குச் சொல்ல ஒரு பதிலும் வைத்திருந்தார்: அவசரத்தில் பிழைபட்டுவிட்டது என்று.

அன்னபூரணம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நடுப்பக்கத்தை வாசித்தார். பாதியில் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு அழுதார்.

"பாடுறவள்தான்," என்றார் பக்கத்திலிருந்தவரிடம். "சின்னனிலையும் என்ன குரல். குலம் அதை மறக்காமல் எழுதியிருக்கிறார் பாருங்கோ."

"இஞ்சை வேலிக்கு மற்றப்பக்கம் நான் எத்தினை விடியலிலை கேட்டிருக்கிறன்," என்றார் அடுத்த வளவுத் தியாகலிங்கம். அவர் எட்டு மணிக்கு முன் எழும்புகிறவரல்ல.

"கோபமே வராது அந்த மனுசிக்கு."

"ஓமோம். வராது."

குலசிங்கம் கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொருவராக ஓமென்று தலையாட்டத் தலையாட்ட, கிணற்றடியில் யாரோ பாடுவதுபோல அவருக்கே ஒரு நினைவு வரத் தொடங்கியது. அதை நிறுத்திவிட்டுப் பிரியவதனியின் சொந்தக் குரலை நினைக்கப் பார்த்தார். அது வரவில்லை. அன்றைக்குத்தான், அந்த முப்பத்தொரு நாளில் முதல்முறையாக, அவருக்குக் கொஞ்சம் பயம் வந்தது.

இரண்டு நாள் கழித்து லக்சிகா எடுத்தாள். மாலை ஐந்து மணியிருக்கும். புத்தகத்தை அவளுக்குப் போனில் அனுப்பியிருந்தது அச்சகத்துக்காரர்.

"அப்பா."

"ஓம் பிள்ளை."

"இது அம்மா இல்லை."

"இல்லை," என்றார் குலசிங்கம்.

"அப்ப ஆர் இது?"

"வேலணையிலை ஒரு ரீச்சர். போன மாசி மாசம் செத்தவ."

அவள் வைத்துவிட்டாளோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். வினாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"பெரியம்மா எனக்கு எடுத்து அழுறா, அம்மா பாடினதை அப்பா எழுதியிருக்கிறார் எண்டு. அம்மா எப்ப பாடினவ?"

"பாடேல்லை."

"அப்ப என்ன செய்யிறவ? விடிய எழும்பி அம்மா என்ன செய்யிறவ, சொல்லுங்கோ."

குலசிங்கம் யோசித்தார். அவளும் அவசரப்படுத்தவில்லை.

"பல்லு விளக்கிக்கொண்டு கேற்றடியிலை நிப்பா. ரோட்டாலை போற ஆக்களைப் பாத்து, உவர் எங்கை இந்த நேரத்திலை போறார் எண்டு வாய்க்குள்ளை பற்பசையோடையே கேப்பா. எனக்கு ஒண்டும் விளங்காது. சும்மா ஓம் எண்டுவன்."

"பிறகு?"

"பவுசர்காரனோடை சண்டை. அரை வாளி குறைச்சு ஊத்திப்போட்டான் எண்டு ஒருநாள் பவுசருக்கு முன்னாலை போய் நிண்டவ. அவன் கோன் அடிக்க அடிக்க அசையேல்லை. நான் வெக்கத்திலை உள்ளுக்கை வந்திட்டன்."

"எனக்கு அது தெரியாது."

"உனக்குச் சொல்லவேண்டாம் எண்டவ."

லக்சிகா சிரித்தாளா அழுதாளா என்று அவருக்குப் பிடிபடவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

"இதை எழுதுங்கோ அப்பா. ஒருத்தருக்கும் காட்டவேண்டாம். எனக்கு மட்டும்."

அவர் எழுதினார். சாம்பல் நிற மேசையில், வெறும் பக்கத்தில், கடல் சூழ்ந்த என்று தொடங்காமல் எழுதினார். பக்கம் நிரம்பவில்லை. ஒன்பது வரிதான் வந்தது. கேற்றடி, பவுசர், மத்தியான நித்திரையில் வாய் திறந்தபடி படுப்பது, கறிக்கு உப்புக் கூடிவிட்டால் கறிமீது பழி போடுவது. எழுதி முடித்தபோதும் அழுகை வரவில்லை. அப்படியே அனுப்பினார். கிடைத்தது என்று ஒரு சொல்லில் பதில் வந்தது.

ரீச்சரின் பிள்ளைகள் எல்லாரும் இலண்டனில். பிரியவதனியின் புத்தகம் அவர்கள் கைக்குப் போகவில்லை. அது தீவில் நூற்றைம்பது வீடுகளில் இருக்கிறது, அதில் பிரியவதனி பாடிக்கொண்டிருக்கிறாள். அன்னபூரணம் குறிகட்டுவானுக்குத் திரும்பிவிட்டார். தங்கச்சியின் குரலைப் பற்றி வருகிறவர்களுக்கு இப்போதும் சொல்கிறார். தியாகலிங்கம் ஆடியில் மகளோடு கொழும்புக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார். பத்திநாதர் கண் சத்திரசிகிச்சைக்குப் பிறகு திருத்த வேலையை விட்டுவிட்டார். லக்சிகாவுக்குப் பெண்பிள்ளை பிறந்தது, இருவரும் சுகம். குலசிங்கம் இறுப்பிட்டியில்தான் இருக்கிறார். மாதத்தில் இரண்டு புத்தகம் செய்கிறார், தானே சமைக்கிறார்.